2021 ஜனவரியில் கொடுத்த மனு இன்னும் ‘பெறப்பட்டது’ நிலையில்: திறன் விசா வரிசையில் எது நியாயம்?

வரைபலகை | 2022 நவம்பர் 12, காலை 6.40

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். இனியும் மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆஸ்திரேலியாவில் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் வரைபடம் தயாரிக்கும் வேலை என்னுடையது. நிரந்தர விசாவுக்கு மாநில அரசு என்னைப் பரிந்துரைத்தது. மனுக் கொடுக்கச் சொல்லி அழைப்பும் வந்தது. 2021 ஜனவரியில் 190 விசாவுக்கு, அதாவது மாநிலப் பரிந்துரையோடு கேட்கும் நிரந்தரத் திறன் விசாவுக்கு, மனுக் கொடுத்தேன். மார்ச்சில் மருத்துவப் பரிசோதனை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. உயரம் அளக்கும் கோலின் அருகே நிற்க மாட்டேன் என்று அழுதாள். மனைவி மண்டியிட்டு அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொள்ள, செவிலியர் 94 சென்டிமீட்டர் என்று சொன்னார். பரிசோதனைக்கான கடிதத்தின் பின்புறம் அந்த எண்ணை எழுதி வைத்தேன்.

இன்றைக்கு 22 மாதம் ஆகிறது. இணையக் கணக்கில் நுழைந்தால் மனுவின் நிலை ‘பெறப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள், எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள், எது குறைகிறது, ஒன்றும் தெரியாது. மருத்துவச் சான்றின் 12 மாதம் முடிந்துவிட்டது. காவல்துறைச் சான்றும் காலாவதி.

போன வாரம் என்னோடு படித்த நண்பன் அழைத்தான். பள்ளி ஆசிரியர். வெளிநாட்டிலிருந்தபடி இந்தச் செப்டம்பரில் மனுக் கொடுத்தவன். விசா வந்துவிட்டது. மனதார வாழ்த்தினேன், அதில் பொய் இல்லை. ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். அக்டோபர் 28 முதல் 100-ஆம் எண் அமைச்சர் ஆணை நடைமுறையில் இருக்கிறது. மருத்துவமும் ஆசிரியப் பணியும் முதலில். அடுத்து அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் மனுக்கள். பிறகு பிராந்தியப் பகுதிகள். அதற்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள். அதிலும் நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு முன்னுரிமை. உள்ளே இருந்து வரி கட்டி வேலை செய்கிறவன் கடைசி.

செவிலியரும் ஆசிரியரும் முன்னே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது இதுதான்: வரிசையில் நிற்கச் சொன்னபோது ஒரு விதி, நின்ற பிறகு வேறு விதி என்றால் அதற்குப் பெயர் வரிசையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நேர்கோடு | நவம்பர் 12, காலை 8.15

நண்பரே, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். விசா யாருக்கும் உரிமை இல்லை. ஒரு நாடு தனக்கு யார் தேவை என்று முடிவு செய்கிறது. இரண்டு ஆண்டு எல்லையை மூடி வைத்திருந்தார்கள். மருத்துவமனைகளில் ஆளில்லை, வகுப்பறைகளில் ஆசிரியர் இல்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள், முடிவு வரும்வரை தங்க பிரிட்ஜிங் விசா இருக்கிறது, வேலை இருக்கிறது. வெளியே இருப்பவர் வந்தால்தான் நாட்டுக்கு ஒரு கை கூடும். உங்களுக்கு இன்று விசா கொடுத்தாலும் நாளைக்கு அதே மேசையில் அதே வேலையைத்தான் செய்வீர்கள். அவசரம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

வரைபலகை | நவம்பர் 12, காலை 9.02

நேர்கோடு அவர்களே, உங்கள் வாதம் புரிகிறது. ஆனால் உள்ளே இருப்பவனுக்கு எதுவும் தடைபடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அட்டை கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் குழந்தைப் பராமரிப்பு மானியம் கிடையாது. முழுக் கட்டணம் கட்டினால் மனைவியின் சம்பளம் அதிலேயே போய்விடும். அதனால் ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற ஒருத்தி இரண்டு ஆண்டாக வீட்டில் இருக்கிறாள். நாட்டுக்குக் கை கூட வேண்டும் என்றீர்களே, ஒரு கை இங்கேயே கட்டிப்போடப்பட்டிருக்கிறது. பிரிட்ஜிங் ‘ஏ’ விசாவோடு நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியாது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ‘பி’ விசா கேட்க வேண்டும். வீட்டுக் கடன் கேட்கப் போனால் முதல் கேள்வியே விசா பற்றித்தான். பதவி உயர்வுக்கு என் பெயர் இரண்டு முறை பேச்சில் வந்து, ‘நிரந்தரம் ஆகட்டும்’ என்று நின்றுபோனது.

இரவுப்பணி | நவம்பர் 12, மாலை 5.30

அண்ணா, நீங்கள் சொன்ன ‘வெளியே இருந்து வந்தவர்’ வகையைச் சேர்ந்தவள் நான். தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர். செப்டம்பரில் மனுக் கொடுத்தேன், இந்த வாரம் விசா வந்தது. மருத்துவ, ஆசிரிய மனுக்களை மூன்று நாளிலேயே பரிசீலிக்கத் தொடங்குகிறோம் என்று குடிவரவுத் துறையே சொல்கிறது. உங்கள் பதிவைப் படித்தபோது சந்தோஷத்தில் பாதி குறைந்துவிட்டது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் காத்திருப்பு செப்டம்பரில் தொடங்கவில்லை. தகுதி மதிப்பீட்டுக்கு ஆவணம் அனுப்பி ஒன்பது மாதம். நான் முதலில் வேலை செய்த மருத்துவமனை பெயர் மாறிவிட்டதால் பழைய பணிச் சான்று செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். புதிதாகக் கையெழுத்து வாங்க, ஓய்வு பெற்ற மேட்ரனின் வீட்டைத் தேடிப் போனேன். ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். பதிவு வாரியத்தில் தனியாக ஒரு காத்திருப்பு. இவை எதுவும் விசாக் கணக்கில் வராது. விசா மனுவின் தேதியை மட்டும் பார்த்தால் நான் நேற்று வந்தவள். என் கணக்கில் மூன்றரை ஆண்டு.

இன்னொன்று. கொரோனா அலையில் ஒரு இரவு மொத்தப் பிரிவுக்கும் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஒரு வென்டிலேட்டரின் எச்சரிக்கை ஒலியை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது ஒலிக்கும். செவிலியரை முதலில் எடுப்பது செவிலியருக்குச் செய்யும் உபகாரம் இல்லை. அந்தப் படுக்கையில் கிடப்பவருக்காக எடுப்பது. அவரும் ஒரு வரிசையில்தானே இருக்கிறார்?

வரைபலகை | நவம்பர் 12, இரவு 9.10

தங்கை, முதலில் வாழ்த்துகள். உங்கள் சந்தோஷம் பாதியாகக் குறையக் கூடாது. முழுதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. மனுத் தேதிக்கு முன்னால் இருக்கும் காத்திருப்பை நான் நினைத்தே பார்க்கவில்லை. படுக்கையில் இருப்பவரின் வரிசை என்று சொன்னீர்களே, அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

எண்கணக்கு | நவம்பர் 13, காலை 7.25

இந்த விவாதத்தில் ஒரு முக்கியமான விஷயம் விடுபடுகிறது. இணையத்தில் துறை வெளியிடுகிறதே ‘பரிசீலனைக் காலம்’, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா?

அண்மையில் முடிவு சொல்லப்பட்ட மனுக்களை எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றில் பாதி எத்தனை நாளில் முடிந்தன, 90 சதவீதம் எத்தனை நாளில் முடிந்தன என்று போடுகிறார்கள். முடிவு சொல்லப்படாத மனு அந்தக் கணக்கிலேயே கிடையாது. வரைபலகை 22 மாதமாகக் காத்திருக்கிறார். அந்த 22 மாதம் எந்த அட்டவணையிலும் இல்லை. அவருக்கு விசா வரும் நாளில்தான் அவருடைய காத்திருப்பு எண்ணாக மாறும்.

புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட ஒரு உதாரணம். நூறு மனுக்கள் இருக்கின்றன. அறுபது புதியவை, நாற்பது பழையவை. துறை இந்த மாதம் புதிய அறுபதையும் எடுத்து இரண்டே மாதக் காத்திருப்பில் முடிக்கிறது. வெளியாகும் எண்: ‘90 சதவீதம் இரண்டு மாதத்தில்’. உண்மையில் நாற்பது பேர் 20 மாதமாக நிற்கிறார்கள். அடுத்த மாதம் அந்த நாற்பதையும் முடிக்கிறார்கள் என்று வையுங்கள். அப்போது எண் 20 மாதத்துக்கு மேல் தாவும். செய்தியில் ‘தாமதம் பத்து மடங்கு கூடியது’ என்று வரும். நிஜத்தில் அன்றைக்குத்தான் வரிசை காலியாகியிருக்கிறது.

ஆக, நிலைமை மோசமாக இருக்கும்போது எண் நன்றாகவும், சரியாகும்போது மோசமாகவும் தெரியலாம். புது மனுக்களை வேகமாக எடுக்கும் எந்த ஆணையும் வெளியாகும் சராசரியை அழகாக்கும். யாரும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை, ஆனால் இந்த எண்ணைப் பார்த்து வேலையை விடுகிறவர்களும் வாடகை ஒப்பந்தம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு எண்: எந்த மாதத்தில் கொடுத்த மனுக்கள் இன்னும் எத்தனை நிலுவையில் இருக்கின்றன? வரிசையின் நீளத்தை அது ஒன்றுதான் காட்டும்.

சட்டவாசல் | நவம்பர் 13, மதியம் 1.45

குடிவரவுச் சட்டம் சார்ந்த அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பொதுவான தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘இது வரிசையா’ என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியச் சட்டமே நேராகப் பதில் சொல்கிறது. 1958-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு. அமைச்சர் தமக்குப் பொருத்தமாகத் தோன்றும் எந்த வரிசையிலும் மனுக்களைப் பரிசீலிக்கலாம் என்கிறது முதல் உட்பிரிவு. இரண்டாவது இன்னும் கடுமையானது. பின்னால் வந்த மனு முடிக்கப்பட்டு முன்னால் வந்த மனு கிடப்பில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, முன்னதில் நியாயமற்ற தாமதம் நடந்தது என்று சொல்ல முடியாது என்கிறது. அதாவது வரைபலகையின் கேள்வியை முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதி வைத்த பிரிவு அது.

39-ஆவது பிரிவு இதைவிட வலிக்கும். ஒரு நிதியாண்டில் ஒரு வகை விசாவுக்கு உச்ச எண்ணிக்கை வைத்து, அது நிரம்பியதும் மீதமுள்ள மனுக்களைக் கொடுக்கப்படவே இல்லை என்பதுபோல் முடித்துவிடும் அதிகாரம் அது. ஏட்டில் மட்டும் இருக்கும் பிரிவு என்று நினைக்க வேண்டாம். 2007 செப்டம்பர் 1-க்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து வந்த திறன் குடியேற்ற மனுக்களை இப்படி முடிக்கப்போவதாக 2010 பிப்ரவரியில் அன்றைய அமைச்சர் கிறிஸ் எவன்ஸ் அறிவித்தார். ஏறத்தாழ 20,000 பேர். மனுக் கட்டணம் திருப்பித் தரப்பட்டது.

பழைய கோப்பு | நவம்பர் 13, இரவு 8.20

சட்டவாசல் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. அதேதான் எனக்குக் கனடாவில் நடந்தது.

2006-இல் கூட்டரசுத் திறன் பணியாளர் திட்டத்தில் மனுக் கொடுத்தேன். அப்போது எனக்கு 36 வயது. அன்றைய விதிப்படி தகுதி இருந்தால் போதும். முதலில் வந்தவர் முதலில். அப்படித்தான் சொன்னார்கள், அப்படித்தான் நம்பினோம். 2008-இல் புதிய விதி வந்தது: தேர்ந்தெடுத்த தொழில்களுக்கு முன்னுரிமை. பழைய மனுக்கள் பின்னால் தள்ளப்பட்டன. சரி, மெதுவாக வரும் என்று பொறுத்தோம். 2012 ஜூன் 29-இல் நிறைவேறிய சட்டம், 2008 பிப்ரவரி 27-க்கு முன்னால் கொடுத்து, 2012 மார்ச் 29-க்குள் முடிவு வராத எல்லா மனுக்களையும் ஒரே அடியாக ரத்து செய்தது. ஏறத்தாழ 2,80,000 பேர். கட்டணம் வந்தது, வட்டி இல்லாமல்.

பணம் பெரிய விஷயம் இல்லை. ஆறு ஆண்டு நான் எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்த மனுவைச் சார்ந்து இருந்தது. வேறு நாட்டில் வந்த வேலையை விட்டேன். வீடு கட்டவில்லை. மகனை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது என்று ஒவ்வொரு ஜூனிலும் வீட்டில் வாக்குவாதம் நடக்கும். அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. பச்சை அட்டை, நாடாவால் கட்டியது. உள்ளே என் பட்டச் சான்றின் பதினான்கு நகல்கள். ஒவ்வொன்றிலும் நோட்டரி முத்திரை. ஒவ்வொரு முறை ‘புதிய நகல் தயாராக இருக்கட்டும்’ என்று ஏஜென்ட் சொல்லும்போதும் ஒன்று சேர்ந்தது.

நீதிமன்றம் போனவர்கள் இருந்தார்கள். 2013-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ரத்து செய்ததற்கு அரசு சொன்ன காரணம், வரிசை மிக நீளமாகிவிட்டது என்பது. வரிசையை நீள விட்டது யார்? ஆண்டுக்கு எத்தனை பேரை எடுப்போம் என்று தெரிந்தும் மனுக்களை வரம்பில்லாமல் வாங்கிக்கொண்டவர்கள் யார்? பத்து ஆண்டாக இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நேர்கோடு | நவம்பர் 13, இரவு 9.40

ஐயா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முன்னுரிமை மாற்றுவது வேறு, கொடுத்த மனுவைக் கிழித்துப் போடுவது வேறு. நான் முதலில் எழுதியது முன்னதைப் பற்றி மட்டும்.

ஆனால் கனடா அதன் பிறகு செய்தது சரிதானே? 2015 ஜனவரி முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. விருப்பமுள்ளவர்கள் முதலில் விவரத்தை மட்டும் ஒரு பொதுப் பட்டியலில், ‘குளத்தில்’, பதிகிறார்கள். எத்தனை பேரை எடுக்க முடியுமோ அத்தனை பேரைத்தான் அழைக்கிறார்கள். அழைத்த பிறகு ஆறு மாதம் என்பது இலக்கு. நீண்ட வரிசையே உருவாகாது.

எண்கணக்கு | நவம்பர் 14, காலை 7.05

வரிசை உருவாகாது என்பதைவிட, கண்ணில் படாத இடத்துக்கு மாறிவிட்டது என்று சொல்லலாம். குளத்தில் 12 மாதம் கிடந்தும் அழைப்பு வராதவரின் விவரம் தானாகக் காலாவதியாகிறது. அவர் மறுபடி பதிந்தால் நாள் ஒன்று. மூன்று ஆண்டு காத்திருந்தாலும் அவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் ‘மூன்று ஆண்டு’ காத்திருந்தவர் ஆகமாட்டார்.

வயதும் இருக்கிறது. கனடாவின் புள்ளிமுறையில் 30 வயதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மதிப்பெண் குறையும். 2020 டிசம்பருக்குப் பிறகு திறன் பணியாளர்களுக்கான பொது அழைப்பு நின்றுபோய், மீண்டும் 2022 ஜூலை 6-இல்தான் வந்தது. அன்றைக்கு வெட்டு மதிப்பெண் 557. இடையில் பிறந்தநாள் கண்டவர்களின் புள்ளி, அவர்கள் எந்தத் தவறும் செய்யாமல் கரைந்தது. அந்த வகையில் ஆஸ்திரேலியா கொஞ்சம் பரவாயில்லை. அழைப்பு வந்த நாளின் வயது அப்படியே நிலைக்கும்.

ஜூலைப் பூ | நவம்பர் 14, மாலை 4.15

அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் மாதக் கணக்கில் பேசுகிறீர்கள், நாங்கள் பத்தாண்டுக் கணக்கில்.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கு 1,40,000 என்று வைத்தது. மனைவி, கணவர், குழந்தைகள் எல்லோரும் அதற்குள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. குடியுரிமை பார்ப்பதில்லை, பிறந்த இடத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரே அலுவலகத்தில், ஒரே வேலையில், ஒரே நாளில் மனுக் கொடுத்த இருவரில் ஒருவர் இரண்டு ஆண்டில் முடித்துவிட்டுப் போகிறார். இந்தியாவில் பிறந்த நான், வரிசையில் என் இடத்தைக் காட்டும் 2012-ஆம் ஆண்டு முன்னுரிமைத் தேதியை வைத்துக்கொண்டு, எந்தத் தேதிவரை எடுக்கிறோம் என்று அரசு சொல்லும் விசா புல்லட்டினை மாதாமாதம் திறந்து பார்க்கிறேன். தேதி முன்னே வரும், சில மாதம் பின்னேயும் போகும். முன்னே வந்த மாதம் எல்லா ஆவணங்களையும் அடுக்கி வைத்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடி அலமாரியில் வைத்தேன். இந்த வருடம் மட்டும் அது நடந்தது.

என் பெயருக்குக் காரணம் 2007 ஜூலை. அந்த மாதம் எல்லோரும் மனுக் கொடுக்கலாம் என்று புல்லட்டின் சொன்னது. ஊரெல்லாம் மருத்துவர்களிடம் கூட்டம். ஜூலை 2-ஆம் தேதி, முடியாது என்று திருப்பினார்கள். மக்கள் கோஷம் போடவில்லை. குடிவரவுத் துறைத் தலைவரின் அலுவலகத்துக்குப் பூங்கொத்துகளை அனுப்பினார்கள், நூற்றுக்கணக்கில். ஜூலை 17-இல் முடிவை மாற்றிக்கொண்டார்கள். நான் அப்போது மாணவன், அந்தப் படங்களைச் செய்தியில் பார்த்தேன். நாளைக்கு எனக்கும் இதே நிலை வரும் என்று நினைக்கவில்லை.

இங்கே தாமதத்துக்கு இரண்டு காரணம். ஒன்று சட்டத்தின் உச்சவரம்பு. அதை அதிகாரிகள் மாற்ற முடியாது. 2019 ஜூலையில் நாடுவாரி வரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் அதற்கு வேறு வடிவம் கொடுத்து நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின், அதாவது நாடாளுமன்றத்தின், காலம் முடிந்தது. இரண்டாவது காரணத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2021 நிதியாண்டில் வழக்கத்தைவிட அதிகமாக, 2,62,000-க்கு மேல் இடம் இருந்தது. நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30 நள்ளிரவு வந்தபோது ஏறத்தாழ 66,000 இடங்கள் யாருக்கும் கொடுக்கப்படாமல் காலாவதியாயின. கதவுக்கு வெளியே லட்சக்கணக்கானவர்கள் நிற்கும்போது உள்ளே 66,000 நாற்காலி காலி.

குழந்தைகளைப் பற்றி ஒரு வரி. 21 வயதானால் பெற்றோரின் மனுவிலிருந்து பிள்ளை வெளியேறிவிடுகிறது. 2002-இல் வந்த பாதுகாப்புச் சட்டம், மனுப் பரிசீலனையில் இருந்த நாட்களை மட்டுமே வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிப்பதில்லை. என் மகனுக்கு இப்போது 16.

இரவுப்பணி | நவம்பர் 14, மாலை 6.00

அண்ணா, கடைசி வரியைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவனுக்கு நல்லது நடக்க வேண்டும்.

நெறியாளர் | நவம்பர் 14, மாலை 6.30

அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு பேர் தங்கள் மனு எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் பதிவிட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். மனுக் கொடுத்த மாதம், விசா வகை, தொழில் பிரிவு போதும்.

சட்டவாசல் | நவம்பர் 15, காலை 10.20

விதி மாறும்போது நீதிமன்றம் ஒருபோதும் கைகொடுக்காது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. பிரிட்டனைப் பாருங்கள். உயர்திறன் குடியேறிகள் திட்டத்தில் வந்தவர்களுக்கு 2006 ஏப்ரலில் நிரந்தர வசிப்புக்கான காலத்தை நான்கு ஆண்டிலிருந்து ஐந்தாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் விசா நீட்டிப்புக்கான புள்ளி விதியையும் மாற்றினார்கள். வேலையை விட்டு, வீட்டை விற்று வந்தவர்கள் ஒன்று சேர்ந்து ‘எச்.எஸ்.எம்.பி. ஃபோரம்’ என்ற பெயரில் வழக்குத் தொடுத்தார்கள். புதிய புள்ளி விதியை ஏற்கெனவே வந்தவர்கள் மேல் திணித்தது சட்டவிரோதம் என்று 2008 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு இரண்டாவது வழக்கில் ஐந்தாண்டு விதிக்கும் அதே கதி.

இதை வைத்து ஆஸ்திரேலியாவில் 100-ஆம் ஆணையை எதிர்க்கலாமா என்று தனிச் செய்தியில் நான்கு பேர் கேட்டார்கள். இரண்டும் வேறு. பிரிட்டனில் தகுதியே மாற்றப்பட்டது. இங்கே தகுதி அப்படியே இருக்கிறது, பரிசீலிக்கும் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. 51-ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது. நம்பிக்கை கொடுத்துப் பணம் வாங்கும் ஏஜென்ட்களிடம் கவனமாக இருங்கள்.

நேர்கோடு | நவம்பர் 15, மதியம் 12.10

அப்படியானால் தீர்வு ஆள் எண்ணிக்கைதானே? ஆஸ்திரேலியாவில் மே மாதம் ஆட்சி மாறியபோது எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ பத்து லட்சம் விசா மனுக்கள் தேங்கிக் கிடந்தன. செப்டம்பரில் நடந்த வேலைவாய்ப்பு மாநாட்டில் நிரந்தரக் குடியேற்றத்தை 1,60,000-லிருந்து 1,95,000 ஆக்கினார்கள். 500 ஊழியர்களுக்கு 3.61 கோடி டாலர் ஒதுக்கினார்கள். இடமும் ஆளும் கூடினால் எல்லா வரிசையும் நகரும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

பழைய கோப்பு | நவம்பர் 15, இரவு 7.50

தம்பி, ஆள் கூடட்டும், நல்லது. ஆனால் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்ற சொல்லை நான் ஆறு ஆண்டு கேட்டேன். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று சொன்னால் பொறுப்பேன். 2008-இலேயே ‘உங்கள் மனுவை எடுக்கப்போவதில்லை’ என்று ஒரு கடிதம் வந்திருந்தால் அன்றைக்கு எனக்கு 38 வயது. வேறு வழி பார்த்திருப்பேன். 42-இல் சொன்னார்கள்.

வரைபலகை கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். யாரை வேண்டுமானாலும் முன்னால் எடுங்கள். நாட்டுக்கு நர்ஸ் வேண்டும் என்றால் நர்ஸை எடுங்கள். ஆனால் என்னைப் பின்னால் தள்ளும் அன்றைக்கே, எவ்வளவு தூரம் தள்ளுகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். விலக விரும்பினால் கட்டணத்தை அன்றைக்கே கொடுங்கள். காலாவதியாகும் சான்றுகளின் செலவு உங்களுடையதாக இருக்கட்டும், ஏனென்றால் தாமதம் உங்களுடையது. இது சலுகையா? மளிகைக் கணக்கில்கூட இந்த நாணயத்தை எதிர்பார்க்கிறோம்.

வரைபலகை | நவம்பர் 16, காலை 6.15

ஐயா எழுதியதை மூன்று முறை படித்தேன். நான் 22 மாதமாகச் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவர் சொல்லிவிட்டார். என் நண்பனுக்கு முன்னால் கிடைத்தது என்னைச் சுடவில்லை. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் சுட்டது. அக்டோபர் 28-ஆம் தேதி ஆணை வந்ததைக்கூட இந்தத் தளத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எண்கணக்கு சொன்ன அந்த ஒரு எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. தகவல் அறியும் சட்டத்தின்படி மனுப்போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நிலுவையில் இருக்கும் 190 மனுக்கள், கொடுத்த மாதவாரியாக, உள்நாடு வெளிநாடு பிரித்து. தனிப்பட்ட விவரம் எதுவும் இல்லாததால் மறுப்பதற்குக் காரணம் குறைவு. வாசகத்தை யாராவது சரிபார்த்துத் தருவீர்களா?

எண்கணக்கு | நவம்பர் 16, காலை 7.40

நான் எழுதித் தருகிறேன். ‘எந்தத் தேதி நிலவரம்’ என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் எண்களை ஒப்பிட முடியாது. தொழில் பிரிவையும் சேர்க்கலாம், ஆனால் சிறிய எண்கள் வந்தால் ஆளை அடையாளம் காணலாம் என்று மறைத்துவிடுவார்கள். முதல் மனுவில் வேண்டாம்.

சட்டவாசல் | நவம்பர் 16, காலை 11.00

வாசகத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் வேண்டாம்.

வரைபலகை | நவம்பர் 23, இரவு 10.05

தகவல் மனு நேற்று போய்விட்டது. எண்கணக்குக்கும் சட்டவாசலுக்கும் நன்றி.

இன்னொரு செய்தி. திங்கள்கிழமை துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விசா இல்லை. மருத்துவப் பரிசோதனையைப் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், மூவரும். 28 நாள் கெடு. 22 மாதம் கழித்து எங்கள் பெயரை ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார் என்பதற்கே மனைவி அழுதுவிட்டாள்.

இன்று போய்விட்டு வந்தோம். அதே கட்டடம், அதே அளவுகோல். இந்த முறை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மகள் தானே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் குதிகாலை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். எவ்வளவு என்று அவளே கேட்டாள். 107.

பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, 94-க்குக் கீழே எழுதினேன்.

இரவுப்பணி | நவம்பர் 23, இரவு 10.20

தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள் அண்ணா. இரண்டுக்கும்.